வளவு வீட்டில் ட்ரம் அண்ட் பேஸ்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ட்ரம் அண்ட் பேஸ் இசை பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. 1990-களின் தொடக்கத்தில் லண்டன், பிரிஸ்டல் போன்ற இங்கிலாந்து நகரங்களில், பெரும்பாலும் இளைஞர்கள் தங்கள் வீட்டு அறைகளில் இருந்தபடி உருவாக்கிய, வேகமான ட்ரம்மும் கனத்த பேஸும் (அடிநாதமும்) சேர்ந்த மின்னணு இசை இது. அதைக் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் வளவு (நடுமுற்றம்) வைத்த வீட்டு அறைகளிலேயே செய்து பார்க்கிறார்கள் என்பது என் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஏவி.மெய்யப்பன் அவர்கள் தமது படப்பிடிப்பு நிலையத்தைச் சென்னைக்குக் கொண்டுபோவதற்கு முன்பு, 1940-களில் காரைக்குடியில்தான் நடத்தினார் என்பதால், ஒலியும் ஒலிப்பதிவும் இந்த மண்ணுக்குப் புதியவை என்று யாரும் சொல்ல முடியாது. இனி கேள்விகளுக்கு வருகிறேன்.

என்னிடம் லேப்டாப் இருக்கிறது. சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் சப்-வூஃபர் வாங்கலாமா, சிந்தசைசர் வாங்கலாமா?
பொறியியல் மாணவர், காரைக்குடி

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பணம் முதலில் சரியாகக் கேட்பதற்குச் செலவாக வேண்டும். பின்பக்கம் திறந்த வகை ஹெட்போன் ஒன்று, இரண்டு மைக் இணைக்கக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, 25 கட்டைகள் கொண்ட சிறிய மிடி கீபோர்டு ஒன்று, இவை மூன்றும் போதும். மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் இப்போது மென்பொருளாகவே கிடைக்கிறது. சர்ஜ் என்பது முழுக்க இலவசம். வைட்டல் என்பதற்கு இலவசப் பதிப்பு உண்டு. இந்த இசைக்குத் தேவையான பேஸ் ஒலிகள் அனைத்தையும் இவற்றிலேயே உருவாக்கலாம். பாடலைக் கோக்கும் மென்பொருளாக எஃப்.எல். ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் எதுவும் சரி. அவற்றுக்குள் உயர்வு தாழ்வு பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த இசையைத் தொடங்கியவர்கள் அடாரி எஸ்.டி. கணினியையும், 1988-இல் வெளிவந்த அகாய் எஸ்950 என்னும் சாம்ப்ளரையும் (ஒலித் துண்டுகளைப் பதிந்து வைத்து மீண்டும் வாசிக்கும் கருவி) வைத்தே வேலை செய்தார்கள். வாங்கும்போது அந்த சாம்ப்ளருக்குள் இருந்த நினைவகம் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. ஆகவே கருவி போதவில்லை என்ற கவலை தங்களுக்குத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய வீடுகளில் எர்த் இணைப்புச் சரியாக இருக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் எர்த் கோளாறால் எழும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் 50 ஹெர்ட்ஸிலேயே இருக்கும். பேஸில் அடிக்கடி பயன்படும், மேற்கத்திய முறையில் ஜி எனப்படும் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் விநாடிக்கு ஒரு முறை பேஸ் ஏறி இறங்கும். நீங்களோ அதைச் சிந்தசைசரின் கோளாறு என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

வளவை ஒட்டிய உள்ளறை ஒன்றை ஒலிக்கூடமாக்கியிருக்கிறேன். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. அறையின் நடுவே நாற்காலி. பேஸ் போதவில்லை என்று ஏற்றி வைத்தால், நண்பரின் காரில் பேஸைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. சுவரில் முட்டை அட்டை ஒட்டியும் பயனில்லை.
வாசகர், கோட்டையூர்

தங்கள் காதிலும் குறையில்லை, ஸ்பீக்கரிலும் குறையில்லை. நாற்காலி கிடக்கும் இடம்தான் கோளாறு.

ஒலி நம் ஊர் வெப்பத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. எதிரெதிரான இரு சுவர்களுக்கு நடுவே உள்ள தூரத்தின் இருமடங்கால் இந்த வேகத்தை வகுத்தால், அந்த நீளம் எந்த அதிர்வெண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பது தெரிந்துவிடும். 12 அடி என்பது 3.66 மீட்டர், ஆகவே தங்கள் அறையின் நீளவாட்டு ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸில் விழுகிறது. இது எஃப் ஷார்ப் சுரத்துக்கு மிக அருகில் உள்ளது. அக்கம்பக்கத்தில் உள்ள எஃப், ஜி சுரங்களையும் பாதிக்கும். ட்ரம் அண்ட் பேஸில் அடிநாதம் உலவும் இடமே 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரைதான் என்பதால், அறை பிடித்துக்கொண்டது பாட்டின் உயிர்நாடியையே என்று சொல்ல வேண்டும். இந்த ஒத்ததிர்வின் அழுத்தம் இரு கோடிச் சுவர்களிலும் மிகுந்தும், நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். நடுவில் அமர்ந்திருக்கும் தங்களுக்கு அந்தச் சுரம் கேட்காது; கேட்காததால் ஏற்றுகிறீர்கள்; ஏற்றியதெல்லாம் காரில் வெளிப்படுகிறது. சந்தேகமிருந்தால் பேஸ் ஒலிக்கும்போது எழுந்து கோடிச் சுவரோரம் போய் நின்று பாருங்கள்.

ஸ்பீக்கர்களை 10 அடிச் சுவரை ஒட்டி, அறையின் நீளவாட்டத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அந்தச் சுவரிலிருந்து ஏறத்தாழ நாலரை அடி தள்ளி அமருங்கள். இதுவே முடிந்த முடிவு ஆகாது. இங்கிருந்து அரையடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்க வேண்டும். சைன் அலையை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள தூய ஒலியை) 35 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றி, எது ஓங்குகிறது, எது மறைகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரூம் ஈக்யூ விஸார்ட் என்னும் இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் இருந்தால் இதையே படமாக வரைந்து காட்டும்.

முட்டை அட்டை மேல்சுரங்களில் சிறிதளவு சிதறலைத் தருவதோடு சரி. பேஸுக்கு அது இருப்பதே தெரியாது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள ராக்வுல் (கல்லிழை) பலகைகளைத் துணி போர்த்தி, மூலைகளில் சுவரோடு ஒட்டாமல் குறுக்காக நிறுத்தினால் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் நல்ல பலன் கிடைக்கும். 47 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 மீட்டருக்கு மேல் என்பதால் அதை இந்தக் கனத்தால் அடக்கிவிட முடியாது. அங்கே நாற்காலியின் இடமும் ஹெட்போனும்தான் துணை. செட்டிநாட்டுச் சுவரின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கண்ணுக்கு எவ்வளவு இதமோ, மைக்குக்கு அவ்வளவு தொல்லை. கைதட்டிப் பாருங்கள், 'ஸ்ர்ர்' என்று ஓர் அதிர்வு தொடர்ந்து வந்தால் தரையில் கனமான சமுக்காளம் விரித்து, பக்கச் சுவர்களில் மெத்தை சாத்துங்கள்.

இன்னொரு சோதனையையும் சொல்கிறேன். இதை நான் எந்தக் கருவியைவிடவும் நம்புகிறேன். திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் தங்கள் ஊரிலும் இருப்பார். அவர் 18 அங்குல ஸ்பீக்கர்களைக் கட்டி முடித்து, நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் இருக்கும் அரைமணி நேரத்தில், தங்கள் பாட்டை ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் சுவர்கள் இல்லை. பேஸின் உண்மை அங்கே தெரியும்.

மகள் வயிற்றுப் பேரன் கதவைச் சாத்திக்கொண்டு இந்தப் பாட்டைப் போடுகிறான். இரண்டாங்கட்டில் அடுக்கியிருக்கும் வெண்கலச் சாமான் எல்லாம் கலகலவென்று ஆடுகிறது. வீட்டுக்கோ அவன் காதுக்கோ கெடுதல் வருமா?
ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. சாமான்கள் ஆடுவதற்குக் காரணம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இயல்பாகவே ஓர் அதிர்வு உண்டு என்பதுதான். பாட்டில் அதற்கு ஒத்த சுரம் வரும்போது பாத்திரம் தானே பேசும். அடுக்குகளின் இடையே பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தால் நின்றுவிடும். பேரனுக்கும் இது உதவிதான்: சாமானின் கலகலப்பு பாட்டில் இருக்கிறதா வீட்டில் இருக்கிறதா என்று தெரியாமல், இல்லாத குற்றத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் இடர் அவருக்கு வராது.

காதைப் பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி. ஒரு நாளில் 85 டெசிபல் அளவில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது தொழிலிட வழிகாட்டுதல். அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு மணி, 100 என்றால் கால் மணி நேரம். வேலை செய்யும்போது 75 முதல் 80 டெசிபலுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைபேசியில் அளந்து பார்க்கும் செயலிகள் இருக்கின்றன; அவை துல்லியமானவை என்று சொல்ல முடியாவிட்டாலும் தோராயமாக அறியப் போதும். குறைந்த ஒலியில் நன்றாக அமைந்த பாட்டு பெரிய ஒலியிலும் நன்றாகவே இருக்கும் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போனில் கேட்கட்டும்.

இந்த இசை ஏன் 174 வேகத்தில் இருக்கிறது? பழைய ட்ரம் துண்டை வெட்டி அடுக்குவது எப்படி? எவ்வளவு முயன்றாலும் என்னுடையது இயந்திரம் அடிப்பதுபோல் இருக்கிறது.
இசை பயிலும் மாணவி, தேவகோட்டை

நிமிடத்துக்கு 160 முதல் 180 அட்சரம் வரை இந்த இசையின் எல்லை; இன்று பெரும்பாலோர் 174-ஐ ஒட்டிச் செய்கிறார்கள். தாங்கள் இசை பயில்பவர் என்பதால் எளிதாகச் சொல்லிவிடலாம்: இதில் இரண்டு காலங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ட்ரம் 174-இல் மேல்காலத்தில் ஓட, பேஸ் அதில் பாதியான 87-இல் கீழ்க்காலத்தில் நிதானமாக நடக்கும். நாதஸ்வரம் நின்று நிதானமாக ராகத்தை இழைக்கும்போது தவில் மேல்காலத்தில் பொழிவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக இருக்காது. மிருதங்க வித்வான் காரைக்குடி மணி (1945–2023) பிறந்த வட்டாரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்க நான் தேவையில்லை. அடிப்படை நடையை 16 நுண்ணட்சரங்களாகப் பிரித்தால் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்) 1-லும் 11-லும், ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய ட்ரம்) 5-லும் 13-லும் விழும். அந்த 11-ஆவது இடத்தில் விழும் கிக், எதிர்பார்த்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி வருவதால்தான் உடல் முன்னோக்கிச் சாய்கிறது.

வெட்டி அடுக்குவதன் வரலாறு ஒரு துண்டில் தொடங்குகிறது. 1969-இல் வின்ஸ்டன்ஸ் என்னும் அமெரிக்கக் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டில், மற்றக் கருவிகள் ஓய, கிரெகரி கோல்மன் தனியாக ஏழு விநாடி ட்ரம் வாசித்திருக்கிறார். அதன் வேகம் ஏறத்தாழ 137. அதை சாம்ப்ளரில் ஏற்றி 174-க்கு ஓட்டினால் சுருதியும் நான்கு சுரத்தானங்களுக்குச் சற்று மேல் உயரும். அந்த உயர்ந்த, உலோகத் தன்மையுள்ள ஸ்னேர்தான் இந்த இசையின் முகவரியாகிவிட்டது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த ஏழு விநாடி ஒலித்தும் கோல்மனுக்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. அவர் 2006-இல் வறுமையில் இறந்தார். குழுவின் தலைவரான ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல்தான் ரசிகர்கள் திரட்டிய நன்கொடை ஏறத்தாழ 24,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது. இதை எழுதும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி தங்கள் குறைக்கு வருகிறேன். துண்டை ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் வெட்டியபின், எல்லாவற்றையும் மென்பொருளின் கட்டத்தில் துல்லியமாக ஒட்டவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 174-இல் ஒரு நுண்ணட்சரம் 86 மில்லி செகண்ட்தான் நீடிக்கிறது. அதற்குள் மனிதக் கை ஐந்து, பத்து மில்லி செகண்ட் முந்தியும் பிந்தியும் அடித்திருப்பதே அந்த வாசிப்பின் உயிர். முதன்மையான கிக்கையும் ஸ்னேரையும் மட்டும் கட்டத்தில் நிறுத்துங்கள். அவற்றுக்கு இடையில் வாசித்தவர் மெல்லத் தொட்டுச் சென்ற ஸ்னேர் தட்டல்களை வந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அந்தத் தட்டல்கள் ஓங்கிய அடியைவிடப் பல டெசிபல் தணிந்தே இருக்க வேண்டும். ஓங்கிய ஒலியைத் தாழ்த்தும் கம்ப்ரெஷரை அளவுக்கு மீறி இறுக்கினால் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்து இயந்திரமாகிவிடும். ஆகவே ட்ரம்மை இரண்டு தடங்களாகப் பிரித்து, ஒன்றை இயல்பாக விட்டு, மற்றொன்றை மட்டும் நன்றாக நசுக்கி, அதைச் சிறிதளவு கலந்துகொள்ளுங்கள்.

பழைய துண்டில் அடிப்பகுதி கலங்கலாக இருக்கும். அதை 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அடியில் தாங்களே ஒரு கிக்கையும் ஸ்னேரையும் சேர்க்க வேண்டும். கிக்கின் உடல் 100 ஹெர்ட்ஸ் அருகிலும் ஸ்னேரின் உடல் 200 ஹெர்ட்ஸ் அருகிலும் அமைந்தால், கீழே பேஸுக்கு இடம் தானாகக் கிடைக்கும். சேர்த்த ஸ்னேரின் வால் நீண்டு அடுத்தடுத்த நுண்ணட்சரங்களை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'ரீஸ் பேஸ்' என்பது என்ன? அதை வீட்டில் எப்படி உருவாக்குவது?
வாசகர், பள்ளத்தூர்

டெட்ராய்ட் நகரத்தின் கெவின் சாண்டர்சன் 1988-இல் 'ரீஸ்' என்ற பெயரில் வெளியிட்ட இசைத்தட்டில் காசியோ சிந்தசைசரில் எழுப்பிய பேஸ் ஒலியிலிருந்து இந்தப் பெயர் வந்தது. ரம்பப் பல் வடிவில் அமைந்த ரம்ப அலைகள் இரண்டை ஒரே சுரத்தில் வைத்து, ஒன்றை மட்டும் சற்றே விலக்கினால் இரண்டும் மோதி அலையலையாக எழும். இரண்டு நாதஸ்வரங்கள் மயிரிழை சுருதி விலகி ஒலிக்கும்போது காதில் உணரும் அதே அலைவுதான். ஓர் அலை 55 ஹெர்ட்ஸ், மற்றது 55.5 என்றால் இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும். விலக்கத்தைக் கூட்டினால் அலைவு விரையும். ஃபில்டரை மெதுவாகத் திறந்து மூடினால் அந்த உறுமல் வந்துவிடும்.

செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு: ரீஸ் ஒலியை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தூய சைன் அலை ஒன்றை மோனோவில் வையுங்கள். இல்லாவிட்டால் மேலே அழகாக இருக்கும் அலைவு, கீழே அடிநாதத்தையே இடையிடையே மறையச் செய்யும். கிக் விழும்போது சைன் அலையைச் சைட்-செயின் கம்ப்ரெஷரால் ஒரு கணம் தாழ்த்தி, 50 முதல் 100 மில்லி செகண்டுக்குள் திரும்பவிடுங்கள்.

எங்கள் ஊர்த் தவில் கலைஞரையும் உறுமிக் கலைஞரையும் பதிவு செய்து இந்த இசையில் சேர்க்க விரும்புகிறேன். எங்கே, எப்படிப் பதிவது?
வாசகர், கோனாப்பட்டு

இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. டால்வின் சிங் இங்கிலாந்தில் தபலாவையும் ட்ரம் அண்ட் பேஸையும் இணைத்துச் செய்த ஆல்பத்துக்கு 1999-இல் மெர்க்குரி பரிசு கிடைத்தது. தவிலையும் உறுமியையும் அதே அக்கறையோடு அணுக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வளவின் நடுவே வானம் திறந்திருப்பதால் அங்கே எதிரொலி நீளாது. தூண்களிலும் தாழ்வாரத்திலும் பட்டுவரும் குறுகிய எதிரொலி தவிலுக்குப் பொருத்தமானது. மூடிய பெரிய கூடத்தில் பதிந்தால் எதிரொலி ஒரு விநாடியைத் தாண்டும். 174-இல் ஒரு ஸ்னேருக்கும் அடுத்ததற்கும் இடையே 690 மில்லி செகண்ட்தான் என்பதால் எல்லாம் சேறாகிவிடும். அந்தக் கூடத்தின் குணம் வேண்டுமென்றால், சைன் அலை ஒன்றை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஸ்பீக்கரில் ஏற்றிப் பதிந்து, அதிலிருந்து அந்த இடத்தின் எதிரொலியை மென்பொருளில் மீட்டெடுக்கும் கன்வல்யூஷன் ரிவெர்ப் செய்துகொள்ளலாம். பிறகு வேண்டிய அடிக்கு மட்டும் வேண்டிய அளவு சேர்க்கலாம்.

தவிலுக்கு ஷூர் எஸ்.எம்.57 போன்ற டைனமிக் மைக் இரண்டு போதும். வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத் தோலான தொப்பிக்கு ஒன்று, ஒன்றரை அடித் தொலைவில். தொப்பியைக் கழி அடிக்கும்போது அந்தத் தோல் மைக்கை விட்டு உள்ளே போகும், எதிர்ப்பக்கத் தோல் மைக்கை நோக்கி வெளியே வரும். ஆகவே இரு பதிவுகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கும். ஒன்றின் ஃபேஸைத் (அலையின் மேல்-கீழ்த் திசையைத்) திருப்பிப் போட்டுக் கேளுங்கள், அடிக்கனம் திரும்பி வருவதை உணர்வீர்கள். தவில் மிக ஓங்கிய வாத்தியம் என்பதால் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதியுங்கள். கலைஞரின் ஒரு காதில் மட்டும் 87 வேகத்தில் தாளத்தட்டல் கேட்கட்டும். அவர் விரும்பும்போது மேல்காலத்துக்குப் போனால் 174-இல் தானாகப் பொருந்தும்.

உறுமியின் இடப்பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் வழுக்கலான முனகல், சிந்தசைசரின் ரீஸுக்கு நிகரானது. அதை ஓர் அடி தூரத்தில் மைக் வைத்துப் பதிந்து, அதன் சுருதி ஏறி இறங்கும் போக்கை ஒட்டி அடியில் ஒரு சைன் அலையை வளையவிடுங்கள்.

பதிவுக்கு முன்பே ஊதியத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். கலைஞரின் பெயர், ஊர், பதிவு செய்த நாள், விற்பனையில் அவருக்குள்ள பங்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு.

இணையத்தில் ஏற்றும்போது மற்றவர் பாட்டைவிட என்னுடையது ஒலி குறைந்து கேட்கிறது. லிமிட்டரை இன்னும் ஏற்றலாமா?
வாசகர், புதுவயல்

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டுகளையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியின் அளவை) அளவை ஒட்டி இறக்கிவிடுகின்றன. உச்ச ஒலியை ஓர் அளவோடு தடுக்கும் லிமிட்டரை ஏற்றி நசுக்கினால் ட்ரம்மின் கூர்மை போகுமே தவிர, ஒலி கூடிக் கேட்காது. உச்ச அளவை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். அனுப்புவதற்கு முன், இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்தி ஒரு முறை முழுவதும் கேளுங்கள். திருவிழா ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் மோனோவில்தான் இணைக்கப்பட்டிருக்கும்.